அப்டேட்: சித்தப்பாவோட மூளைக்காய்ச்சல், ரெண்டாவது பிசிஆர் பாசிட்டிவ்

போன தடவ எழுதியிருந்தேன்ல, சித்தப்பாவுக்கு காய்ச்சலோட பேச்சு குழறி சித்தியையே யாருன்னு கேட்டாரு, முதுகுத்தண்டுல நீர் எடுத்து பாத்ததுல ஹெர்பிஸ் வைரஸ் இருக்கான்னு தேடற பிசிஆர் டெஸ்ட் நெகட்டிவ், ஆனா டாக்டர் அந்த வைரஸுக்கான அசைக்ளோவிர் மருந்த நிறுத்த மாட்டேங்குறாருன்னு. நெகட்டிவ்னா எதுக்கு மருந்துன்னு நிறைய பேர் கேட்டீங்க.

விஷயம் என்னன்னா, அறிகுறி ஆரம்பிச்ச முதல் 3 நாளுக்குள்ள நீர் எடுத்தா வைரஸ் இருந்தும் நெகட்டிவ் காட்டலாமாம். எம்ஆர்ஐல மூளையோட இடது டெம்போரல் பக்கம் (காதுக்கு மேல இருக்கற பகுதி) வெள்ளையா வீக்கம் தெரிஞ்சுது, நீர்ல லிம்போசைட்ங்கற வெள்ளணு ஏறியிருந்துச்சு, சர்க்கரை நார்மல், அதனால வைரஸ்தான்ங்கற சந்தேகம் விடல, சில நாள் கழிச்சு மறுபடி எடுத்தாங்க, எச்எஸ்வி-1 (ஹெர்பிஸ் வைரஸ்ல ஒரு வகை) பாசிட்டிவ். நல்லவேளை மருந்த நிறுத்தல, வைத்தியம் இல்லாட்டி 10ல 7 பேர் பிழைக்கறதில்லையாம்.

இப்போ 8 மணிக்கொரு தடவ ட்ரிப்ஸ்ல போகுது, மொத்தம் 14லருந்து 21 நாள், இந்த மருந்தால கிட்னி கெடாம இருக்க கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) பாத்துட்டே இருக்காங்க. சித்திய அடையாளம் தெரியுது, ஆனா காலைல என்ன சாப்பிட்டோம்னு மறந்துடறாரு. திரும்ப குழப்பம், வலிப்பு வந்தா ஆட்டோஇம்யூன் டெஸ்ட்டும் (உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளைய தாக்குதான்னு பாக்கறது) எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க.