பிடியரிசி எடுத்த அம்மச்சி

இங்கே எல்லாரும் தங்கள் பாட்டிமார் கதை சொல்வதால் நானும் எங்கள் அம்மச்சியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அம்மா. 1931-இல் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1950-இல் கல்யாணம் கழிந்து, இப்போது கேரளத்தில் இருக்கும் பாறசாலைப் பக்கம் வந்து, 92 வயது வரை அதே வீட்டில் இருந்தார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும், பிறந்த வீடும் புகுந்த வீடும் வேறு வேறு மாநிலமாயின. 1959-இல் எங்கள் சிஎஸ்ஐ-யின் (தென்னிந்தியத் திருச்சபை) தென் திருவிதாங்கூர் பேராயமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என்று இரண்டானது. அம்மச்சி இது எதையும் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. மலையாள ஆராதனையில் அவருடைய பரமண்டல ஜெபம் மட்டும் தமிழில், மற்றவர்களுக்கு அரை வரி முந்திப் போய்க்கொண்டிருக்கும்.

சபையில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது. அவர் செய்தது பிடியரிசி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால் அதில் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட வேண்டும். வாரம் முழுக்கச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். விற்ற காசு உபதேசியார் (சபை ஊழியர்) சம்பளத்துக்கோ கூரை வேலைக்கோ உதவும். அம்மச்சி தன் வீட்டுப் பிடியோடு நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கடவத்தை, அதாவது ஓலைக் கூடையை, தலையில் வைத்துக்கொண்டு பதினேழு வீடு ஏறி இறங்குவார். எந்த வீட்டில் அரிசி குறைந்திருக்கிறதோ, அங்கே கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் அந்த வீட்டுக்குள் போகும்போது கடவத்தில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) இருக்கும். வெளியே வரும்போது இருக்காது.

ஆறேழு வயதில் எனக்குப் பிடி எடுக்கும் வேலை கொடுத்தார். நான் விரலை விரித்துக் கொஞ்சமாக எடுத்தால், "மக்களே, கையைக் குவி. கோழிக்கா போடுத?" என்பார். அவர் கை சின்னது, மூட்டெல்லாம் வளைந்தது. ஆனாலும் அரிசியை அள்ளி, மேலே பெருவிரலை வைத்து மூடி, ஓலைப்பெட்டி வரை கொண்டுபோனால் ஒரு மணி கீழே விழாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பர்மா அரிசி நின்று திருவிதாங்கூரே கிழங்கு தின்றபோது, அவருடைய அம்மா உணக்கிய (காயவைத்த) மரச்சீனித் துண்டை எடுத்துப் பெட்டியில் போட்டாராம். "அரிசி இல்லண்ணு பிடி எடுக்காம இருக்க ஒக்குமா?"

அப்புறம் மாநில எல்லையில் உள்ள களியக்காவிளை செக்போஸ்ட் கதை. அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு; தமிழ்நாட்டு அரிசியை இந்தப் பக்கம் கொண்டுவர விட மாட்டார்கள். அம்மச்சி பிறந்த வீட்டிலிருந்து சபைக்கென்று புத்தரிசி கொண்டுவந்திருக்கிறார். ஒரு சிப்பாய் பையைப் பிடுங்கிவிட்டார். இவர் அழவில்லை, கெஞ்சவில்லை. "எடுத்துக்கோ. ஆனா ரசீது எழுதித் தா. சபையில யார் என்ன தந்தாண்ணு ஞாயித்துக்கிழமை வாசிப்பாவ, உன் பேரையும் வாசிக்கணும் கேட்டியா" என்றாராம். பை திரும்பி வந்துவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஏனென்றால் நான் சிறுவனாகக் கேட்டபோது அது இரண்டு நாழி அரிசி. பத்தாம் வகுப்பில் ஒரு இடங்கழி, அதாவது நாலு நாழி. நான் கல்லூரிக்குப் போனபோது அரைப் பறை ஆகியிருந்தது. அரைப் பறை என்றால் இருபது நாழி! ஒரு பையில் எப்படி அம்மச்சி என்று கேட்டால், "அப்பத்தப் பை உனக்குத் தெரியுமா?" என்பார்.

2023-இல் அடக்க ஆராதனையில் "அமைதியான தாயார்" என்று பிரசங்கம் செய்தார்கள். பிடியரிசி கொடுத்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழித்துறைக்காரன்: எங்கள் வீட்டில் அரிசி இல்லை, முட்டை. ஞாயிற்றுக்கிழமை இடும் முட்டை சபைக்கு. ஒரு கோழி சனிக்கிழமை இடாமல் ஞாயிறு பார்த்துத்தான் இடும். "அதுக்கு விசுவாசம் உண்டு" என்பார் பாட்டி. ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். தாத்தா வீம்புக்கு எங்கள் முட்டையை அவரே ஏலம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று பாட்டி அன்று முழுக்கப் பேச மாட்டார். திங்கட்கிழமை அந்த முட்டை தாத்தாவுக்கே பொரித்து வரும், உப்பில்லாமல்.

நெய்யாற்றின்கரை வாசகி: சிரித்துவிட்டேன். முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. உங்கள் சபையில் இப்போதும் பிடியரிசி உண்டா? எங்களுக்குக் காணிக்கைக் கவர்தான். வீட்டுக்கு ஒரு கவர், மேலே நம்பர்.

முதலில் எழுதியவர்: இங்கேயும் கவர்தான், பத்துப் பன்னிரண்டு வருஷமாக. அம்மச்சி அதிலும் காசு போட்டார், பிடியையும் விடவில்லை. இப்போது அம்மா எடுக்கிறாள். கை அதே மாதிரி மூடுகிறது, பார்த்தேன். பெட்டி நிறைந்ததும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். எந்த வீடு என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு?" என்றாள்.