எட்டாம் வகுப்புக்குக் காலநிலை மாற்றத்தைச் செய்முறையாகக் கற்பிப்பது எப்படி?

தண்டையார்பேட்டை ஆசிரியை: வணக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நேரில் கண்ட என் மாணவர்களுக்கு, காலநிலை மாற்றத்தைப் பாடநூலோடு நிறுத்தாமல் செய்முறையாகக் கற்பிக்க விரும்புகிறேன். அதிகம் செலவில்லாத வழி உண்டா?

ராயபுரம் வாசகர்: அம்மா, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் ஐஸ்கட்டியை மிதக்கவிட்டு, மற்றொன்றில் தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் கல்லின் மீது ஐஸ்கட்டியை வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தை மார்க்கரால் குறிக்கச் சொல்லுங்கள். உருகியபின் முதல் டம்ளரில் மட்டம் ஏறக்குறைய மாறாது; இரண்டாவதில் கோட்டைத் தாண்டும். கிரீன்லாந்து, அண்டார்டிகா நிலப்பரப்பின் மீதுள்ள பனி ஏன் கவலைக்குரியது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

எண்ணூர் ஆசிரியர்: அருமையான சோதனை. தகரக் கூரையின் கீழும் வேப்பமர நிழலிலும் வெப்பமானி வைத்து நாள்தோறும் குறிக்கவும் செய்யலாம். ஆனால் அது அன்றைய வானிலை; முப்பது ஆண்டுச் சராசரியே காலநிலை என்பதை முதலிலேயே விளக்கிவிடுங்கள். என் வகுப்பு குழம்பியது அங்கேதான்.

தண்டையார்பேட்டை ஆசிரியை: நன்றி ஐயா. திங்கட்கிழமையே ஐஸ்கட்டியோடு தொடங்குகிறேன்.