வியாசர்பாடி பிளாக் குரூப்: சப்வே தண்ணி அலாரம் ப்ராஜெக்ட்

கவின்: எல்லாருக்கும் வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், நாங்க நாலு பேரு. கணேசபுரம் சப்வேல தண்ணி ஏறினா போனுக்கு எஸ்எம்எஸ் வரணும். ஈஎஸ்பி32 (ப்ரோகிராம் ஓடுற குட்டி போர்டு), ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி சென்சார் (ஒலி அனுப்பி, எக்கோ திரும்பி வர்ற நேரத்த வச்சு தண்ணி எவ்ளோ தூரம்னு அளக்கும்), சிம்800எல் (எஸ்எம்எஸ் அனுப்புற மாட்யூல்), சோலார். குரூப்புக்கு ஒரு மார்க், ஆளாளுக்குத் தனியா ஒரு மார்க். வேலைய எப்படிப் பிரிக்கிறது?

விமலா மிஸ்: ரிப்போர்ட் ஒருத்தன், பிபிடி ஒருத்தன்னு மட்டும் பிரிச்சிடாதீங்கப்பா. தனி மார்க்குக்குக் காட்ட ஒண்ணுமே இருக்காது. சென்சாரும் மாட்டுற அமைப்பும் ஒருத்தர், பவர் ஒருத்தர், சிம் பக்கம் ஒருத்தர், ப்ரோகிராம் கோடும் டெஸ்டும் ஒருத்தர். ஆளுக்கு ஒரு கணக்கு, ஒரு டிராயிங், ஒரு டெஸ்ட் ரிசல்ட், தேதி போட்டு நோட்டுல இருக்கணும்.

சேகர் அண்ணா: பிரிச்சாச்சுன்னு நிம்மதியா இருக்காத. ஒருத்தன் வேலையும் இன்னொருத்தன் வேலையும் சேர்ற இடத்துலதான் எல்லாம் புட்டுக்கும். சென்சார 5 வோல்ட்ல ஓட்டினா எக்கோ பின்லயும் 5 வோல்ட் வரும். ஈஎஸ்பி32 பின் 3.3 தான் தாங்கும். நடுவுல 1 கே, அங்கேர்ந்து கிரவுண்டுக்கு 2 கே ரெசிஸ்டர் போட்டா 3.3க்கு இறங்கிடும். சென்சார்காரன் கோடுகாரன் போடுவான்னு இருப்பான், அவன் இவன் போடுவான்னு இருப்பான்.

கவின்: அண்ணா, அப்ப அத யாரு போடணும்?

சேகர் அண்ணா: பேர எழுதி வை. ஒரே ஒரு ஏ4 தாள். ஒவ்வொரு ஒயருக்கும் எந்த பின், எத்தன வோல்ட், அதிகபட்சம் எவ்ளோ ஆம்ப், எந்த கனெக்டர், யார் பொறுப்பு. நாலு பேரும் கையெழுத்து. மாத்தினா தேதி போட்டு மாத்து.

மோகனா அக்கா: நடுவுல கேக்கறேன், நாளைக்கு மெட்ரோ வாட்டர் லாரி வருதா?

பாலு மாமா: வருது மா. காலைல 6 மணிக்குள்ள குடம் போட்டுடு.

சேகர் அண்ணா: அதிகபட்ச ஆம்ப் ஏன் எழுதச் சொன்னேன்னா, சிம்800எல் சராசரியா கொஞ்சம்தான் இழுக்கும். டவருக்கு அனுப்புற நொடில 2 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். வோல்ட் 3.4க்குக் கீழ போனா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி எழுந்திரிக்கும். பசங்க கோடுல தப்பு தேடிட்டு இருப்பாங்க. 18650 லித்தியம் பேட்டரி செல்லுலேர்ந்து நேரா குடு, ஒயர் குட்டையா தடிமனா இருக்கட்டும், மாட்யூல் பக்கத்துலயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சிம்800எல் 2ஜில மட்டும்தான் ஓடும், அதனால ஜியோ சிம் போடாத, அதுல 2ஜியே கிடையாது.

சேகர் அண்ணா: பவர்காரனுக்கு: ஈஎஸ்பி32 டேட்டாஷீட்ல டீப் ஸ்லீப் (வேலை இல்லாதப்ப தூங்குற நிலை) 10 மைக்ரோ ஆம்ப்னு இருக்கும். அது சிப்புக்கு மட்டும். போர்டுல இருக்கிற ரெகுலேட்டர், யூஎஸ்பி சிப், எல்இடி எல்லாம் சேர்ந்து மில்லி ஆம்ப் கணக்குல தின்னும். மீட்டர் வச்சு அளந்துட்டு பேட்டரி கணக்கு போடு.

விமலா மிஸ்: வைவால எக்ஸ்டர்னல் (வெளி காலேஜ்லேர்ந்து வர்ற எக்ஸாமினர்) கேக்கறதும் இதான். "பக்கத்துல நிக்கிறவன் பார்ட்டுக்கு நீ எத்தன வோல்ட் குடுக்கற?" அங்கதான் முழிப்பாங்க.

பாலு மாமா: மாட்டுறத நான் சொல்றேன். அந்த சென்சார் முகத்துலேர்ந்து 20, 25 செ.மீ. வரைக்கும் அதுக்குக் கண்ணு தெரியாது. தண்ணி எவ்ளோ உச்சத்துக்குப் போனாலும் அதுக்கு 30 செ.மீ. மேல இருக்கணும். செவுத்த ஒட்டி வைக்காத, செவுத்து எக்கோவ தண்ணின்னு சொல்லும். செவுத்துலேர்ந்து தள்ளி, பிராக்கெட் ஒண்ணு நீட்டி மாட்டு.

பாலு மாமா: பெட்டிக்கு கேபிள் கிளாண்ட் (ஒயர் நுழையற ஓட்டைய இறுக்கி மூடுறது) அடிப்பக்கம்தான். மேல வச்சா ஒயர் வழியா மழை இறங்கும். அப்புறம் சிலிகான் வாங்கறப்ப மோந்து பாரு. வினிகர் வாசனை அடிச்சா சர்க்யூட் பெட்டிக்குள்ள போடாத, செம்பு பச்சையாயிடும். நியூட்ரல் சிலிகான்னு கேட்டு வாங்கு. நம்ம பக்கம் உப்புக் காத்து வேற.

கவின்: டெஸ்டுக்கு சப்வேக்கே போயிடலாமா மாமா?

விமலா மிஸ்: வேணவே வேணாம். அங்க மாட்ட மாநகராட்சி அனுமதி வேணும், அது தனி வேலை. லெட்டர இப்பவே குடுத்து வைங்க. டெஸ்ட நம்ம மொட்டை மாடில 200 லிட்டர் டிரம்ல பண்ணு. டிரம் உள்பக்கம் 5 செ.மீ.க்கு ஒரு கோடு கிழிச்சு, தண்ணி ஏத்தறப்பவும் இறக்கறப்பவும் ஒவ்வொரு கோட்டுலயும் 10 ரீடிங். சராசரி எடுக்காதீங்க, நடு மதிப்பு எடுங்க. ஒரே ஒரு தப்பு எக்கோ சராசரியக் கெடுத்துடும்.

சேகர் அண்ணா: ப்ரோகிராம்ல ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர்னு போட்டிருப்பீங்க. அது 20 டிகிரிக்கு. 35 டிகிரில 352. 2 மீட்டர் தூரத்துல 5 செ.மீ. தப்பு, தண்ணி ஏறினதா காட்டும். டிஎஸ்18பி20 (வெப்பம் அளக்குற சென்சார்) ஒண்ணு சேத்துக்க. எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறப்ப எல்லாத்துலயும் ஒண்ணு கூடுதலா வாங்கு. ரிவ்யூ முந்தின நாள்தான் எரியும் 😄

கவின்: சரிண்ணா. தாள் ரெடி பண்ணி நாளைக்கு இங்கயே போடறேன்.

பாலு மாமா: கம்பத்துக்கு கிளாம்ப் நான் வளைச்சுத் தரேன். அளவ கண்ணால சொல்லாத. நூல் சுத்தி சுத்தளவு எடுத்து அனுப்பு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. சில கம்பம் மேல போகப் போக சின்னதாகும்.