சிங்கப்பூரில் ஐடிஇ-யிலிருந்து (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) பாலிடெக்னிக் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பாலிடெக்னிக்கில் மின்னியல் முதலாண்டு படிக்கிறேன். ஐடிஇ-யில் கைவேலை நன்றாகவே வந்தது. ஒயரிங் என்றால் பயமே இல்லை. இங்கே கால்குலஸ்தான் ஆளைத் திணறடிக்கிறது.

ஈசூன் மூவறை வீட்டில் ஐந்து பேர். 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியபோது நானும் தம்பியும் ஒரே மடிக்கணினியில் முறை வைத்துப் படித்தோம். திரையில் பார்த்தாலே படித்த மாதிரி என்ற கெட்ட பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

கான் அகாடமி பார்க்கிறேன், இலவசம், விளக்கமும் தெளிவு. வீடியோ ஓடும்போது எல்லாம் புரிகிறது. நிறுத்திவிட்டுத் தாளை எடுத்தால் முதல் வரியிலேயே பேனா நிற்கிறது. ஆங்கியில் சூத்திரங்களை அட்டைகளாகப் போட்டேன். மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டுமே, அதே செயலிதான். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே ‘தெரியும்’, ‘தெரியும்’ என்று தட்டிவிடுகிறேன். போன வாரத் தேர்வில் பகுதித் தொகையிடலில் (இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிடும் முறை) எந்தச் சார்பை u என்று எடுப்பது எனத் தெரியாமல் பத்து நிமிடம் போச்சு. சூத்திரம் மட்டும் மனப்பாடம்!

சாட்ஜிபிடியிடம் கேட்டால் முழு விடையையும் கொட்டிவிடுகிறது. அது எனக்கு வேண்டாம்.

அப்பா லாரி ஓட்டுகிறார், டியூஷன் கட்டணம் கேட்க மனசு வரவில்லை. இதே வழியில் வந்தவர்கள் எந்தக் கணக்கிலிருந்து தொடங்கினீர்கள், சொல்லுங்களேன். சனிக்கிழமை காலையில் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் சேர்ந்து கணக்குப் போட யாராவது வந்தாலும் சரி. காப்பி என் செலவு.