ஸ்பீக்கர் கேபிள்: ‘ஒலியூட்டுவடம்’ எனலாமா?

வணக்கம் ஐயா,

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். ஸ்பீக்கர் கேபிளுக்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘ஒலிபெருக்கிக் கம்பி’ என்ற சொல்லை இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

கம்பி என்றதும் ஒற்றையாய் விறைத்து நிற்பதுதான் மனதில் வருகிறது. ஸ்பீக்கருக்குப் போவதோ மயிர்போன்ற செப்பு இழைகள் பலவற்றை முறுக்கிச் சேர்த்தது. தேர் இழுத்த கைக்கு, பல புரி சேர்ந்தால்தான் வடம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மின்வடம் என்ற சொல்லும் வழக்கில் இருக்கிறது. ஆகவே வடம் என்றே வைப்போம். முறுக்கிழை உடையதைப் ‘பல்புரி வடம்’ எனலாம்.

அப்படியானால் ‘ஒலிவடம்’ போதுமே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். சுருக்கமான, அழகான சொல்தான். ஆனால் அது ஆளை ஏமாற்றிவிடும். உப்புவெளியில் என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். விறாந்தையில் ஸ்பீக்கர் வைக்க விரும்பியவர் கடையில் ‘ஓடியோ வயர்’ கேட்டார். கொடுத்தார்கள். கொண்டுவந்து தோலை உரித்துப் பார்த்தால், நடுவில் நூல்போல ஒரு செப்பு, அதைச் சுற்றிப் பின்னிய வலை. மைக்குக்குப் போடுவது! மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ற் அளவிலான மெல்லிய சைகை, இரைச்சல் புகாமல் காக்கத்தான் அந்த வலை. அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது அம்பியர்க் கணக்கில் ஓடும் மின்னோட்டம். அதற்கு வலை வேண்டாம், தடித்த செப்பு வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் சித்தப்பாவுக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும்.

அதனால் மைக் பக்கத்துக்குச் ‘சைகைவடம்’, ஸ்பீக்கர் பக்கத்துக்கு ‘ஒலியூட்டுவடம்’ என்று முன்மொழிகிறேன். அம்பிளிபயர் ஸ்பீக்கருக்கு ஆற்றலை ஊட்டுகிறது, செய்தி மட்டும் சொல்லவில்லை. ‘ஊட்டு’ என்ற வினை அதைச் சரியாகப் பிடிக்கிறது.

அடுத்தது ‘கேஜ்’, அதாவது கம்பியின் பருமனைக் குறிக்கும் எண். இதற்குத் ‘தடிப்பளவு’ என்று எழுதியிருந்தீர்கள். மன்னியுங்கள், இது நேர்மாறான பொருளைத் தந்துவிடும். அமெரிக்க முறையில் எண் கூடக் கூட உலோகம் மெலியும்: 16 என்றால் ஏறத்தாழ 1.3 சதுர மில்லிமீற்றர், 12 என்றால் 3.3. தடிப்பளவு 16 என்று படிப்பவர் அதைத்தான் தடித்தது என்று நினைப்பார். ‘கம்பியெண்’ என்றால் அது வெறும் எண் என்பது விளங்கும். இந்த எண் ஒற்றைக் கம்பியின் பருமனை வைத்தே வகுக்கப்பட்டது என்பதால் இங்கே கம்பி பொருந்தும். தேர்வுக்கு நம்பவேண்டியது குறுக்குவெட்டுப் பரப்பைத்தான். சித்தப்பா வீட்டில் தூரம் 10 மீற்றர். மின் போய்த் திரும்புவதால் 20 மீற்றர்ச் செப்பு. 1.5 சதுர மில்லிமீற்றரில் தடை 0.23 ஓம் வரும், 2.5இல் 0.14. ஸ்பீக்கரில் குறித்திருக்கும் ஓம் அளவில் இருபதில் ஒரு பங்குக்குமேல் வடத்தின் தடை போகக்கூடாது என்பது பழகிய கணக்கு. அவருடையது 4 ஓம் ஸ்பீக்கர், எல்லை 0.2. எனவே 2.5 போட்டோம். 8 ஓம் என்றால் 1.5 தாராளம்.

உலோகத்துக்கும் தெளிவான பெயர் வேண்டும். சந்தையில் செம்பு போலவே மின்னும் ஒன்று கிடைக்கிறது. பிளேட்டால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதைச் ‘செம்புறை அலுமினியம்’ எனலாம். இதற்கு நேரெதிர், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல வெள்ளீயம் பூசிய செம்பு: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. படகு வயரிங்குக்கு அதைத்தான் போடுவார்கள். எங்கள் கடற்காற்றில் உரித்துவிட்ட வெறுஞ்செப்பு பச்சைக் களிம்பேறிப் போகிறது. சித்தப்பாவின் பழைய ஸ்பீக்கர் முனைகளை நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளீயம் பூசிய அந்தச் செம்புக்கு ‘ஈயப்பூச்சுச் செம்பு’ என்ற பாத்திரக்கடைச் சொல்லே போதும், புதிதாக ஆக்க வேண்டாம்.

‘ஒலியூட்டுவடம்’ சேர்த்து எழுதுவதா, ‘ஒலியூட்டு வடம்’ என்று பிரிப்பதா? இதில் உங்கள் தீர்ப்பைக் கேட்கிறேன், ஐயா.