பக்கத்துத் தரிசுச் சீமைக்கருவை என் மிளகாய்க் காட்டில் முளைக்கிறது, யார் பொறுப்பு?

மானாவாரி:
முதுகுளத்தூர் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி, குண்டு மிளகாய் போடுகிறேன். தெற்கே ஐந்து ஏக்கர் பல வருஷமாகத் தரிசு, முழுக்கச் சீமைக்கருவை. நிலத்துக்காரர் திருப்பூரில் இருக்கிறார். ஒவ்வொரு மழைக்கும் என் காட்டில் கன்று முளைக்கிறது. களையெடுக்க வருகிறவர்கள் முள்ளுக்குப் பயந்து தெற்கு வரப்போரம் இறங்குவதே இல்லை. போன் செய்தால், "நானா நட்டேன்?" என்கிறார். தன் நிலத்தில் வளர்வதற்கு அவர்தானே பொறுப்பு?

கரிமூட்டம்:
தம்பி, அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம் இது. விறகுப் பஞ்சத்துக்காக அரசாங்கமே கொண்டுவந்து பரப்பியது. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது இந்தக் கட்டையை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான். இன்றைக்கும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகரில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் கூலி. அப்புறம், விதையைக் கொண்டுவருவது அவரா, ஆடா? உரத்துக்காக நீங்கள் காட்டில் ஆட்டை அடைத்துக் கிடை போடுவதில்லையா?

மானாவாரி:
போடுகிறேன், ஒத்துக்கொள்கிறேன். கருவையின் முற்றிய காயை, அந்த இனிப்பு நெற்றைத் தின்றுவிட்டு வந்து ஆடு புழுக்கை போட்டால் அதிலேயே முளைக்கிறது. ஆனால் நெற்று எங்கிருந்து வருகிறது அண்ணே? அந்த ஐந்து ஏக்கரில் இருந்துதானே!

வரத்துக்கால்:
சட்டத்தை நம்பி உட்கார வேண்டாம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவையை அகற்றச் சொன்னது, அதே வருஷம் இடைக்காலத் தடையும் வந்தது. அவருடைய நிலத்தில் நீங்களாக இறங்கி வெட்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. சாணமும் புழுக்கையும் நேராகக் காட்டுக்குப் போகக் கூடாது. குப்பைக்குழியில் நன்றாகச் சூடேறி மக்கினால் விதை பெரும்பாலும் செத்துவிடும். நெற்று உதிரும் மாதங்களில் அந்தப் பக்கம் மேய்ந்த ஆட்டைக் கிடைக்குக் கூப்பிடாதீர்கள். கன்று ஒரு சாண் உயரம் இருக்கும்போதே, மண் ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். ஒரு வருஷம் விட்டால் கைக்கு வராது. வளர்ந்ததை அரிவாளால் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஒரு அடி தோண்டித் தூரை, அதாவது அடிக்கட்டையை எடுத்தால் போதும், ஆணிவேரைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் இதன் நெருங்கிய உறவு மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள்!

கரிமூட்டம்:
தூரெடுப்பது சரி. ஆனால் ஜேசிபி விட்டுப் பிடுங்கி, குவித்துக் கொளுத்திவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அத்தனையும் கரியாக வேண்டிய கட்டை. காற்றின் ஈரத்தை இந்த மரம் உறிஞ்சிவிடுகிறது, அதனால்தான் மழை இல்லை என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பித்தான் பாதிப் பேர் வெட்டுகிறார்கள். அதற்கு ஆதாரமே கிடையாது.

மானாவாரி:
மழைக் கதையை நான் சொல்லவில்லை அண்ணே. இதன் நிழலில் புல்கூட வராததைக் கண்ணால் பார்க்கிறேன், கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் அடைபட்டதையும் பார்க்கிறேன். அது போதும் எனக்கு.

கரிமூட்டம்:
கண்மாயில் எடுங்கள், நானே ஆள் அனுப்புகிறேன். பட்டா நிலத்துக்கு வேறு வழி இருக்கிறது. மூட்டக்காரர் ஒருவர் ஐந்து ஏக்கரையும் விலை பேசி வெட்டட்டும். திருப்பூர்க்காரருக்குக் கையில் பணம் வரும், மறுக்க மாட்டார். வரப்பை ஒட்டி நாற்பது அடிக்கு மட்டும் தூரெடுங்கள், அந்தச் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது துளிர்க்கட்டும். சில வருஷத்தில் மறுபடி வெட்டு வரும்.

மானாவாரி:
நாற்பது அடியை ஆடு தாண்டாதா? தூரை விட்டால் மறுபடி நெற்றுதான்.

வரத்துக்கால்:
காய்ப்புக்கு வருமுன் அடுத்த வெட்டு விழ வேண்டும். அதைப் பேச்சிலேயே எழுதி வாங்குங்கள்.

மானாவாரி:
வெட்டுத் தேதியை எழுதிக் கொடுத்தால் உள்பக்கத்துக்குச் சம்மதம். வரப்போரத்தில் ஒரு தூர்கூட மிஞ்சக் கூடாது. இன்று சாயங்காலமே திருப்பூருக்குப் பேசுகிறேன். உங்களுக்குத் தெரிந்த மூட்டக்காரரை எனக்குத் தனியாகச் சொல்லுங்கள் அண்ணே.