அக்காவிடம் எப்படிப் போவது?

பினாங்கு மகள்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். அம்மா இறந்து 14 மாதம் ஆகிறது. சவப்பெட்டி இன்னும் வீட்டில் இருக்கும்போதே, அம்மாவின் சங்கிலியைக் காணோம் என்று பேச்சு வந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் அக்காவைப் பார்த்து, "நீதானே கழற்றினாய்?" என்று கேட்டுவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. அவள் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில், நான் பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுனில்.

போன மாதம் அம்மாவின் மைலோ டின்னில் அடகுச் சீட்டு கிடைத்தது. அம்மாவே அடகு வைத்திருக்கிறார். ஆறு மாதத் தவணை தாண்டி, சங்கிலி என்றோ கைவிட்டுப் போய்விட்டது.

ஞாயிறன்று போதகர் மத்தேயு 5:23-24 வாசித்தார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்ன பகுதி அது. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்ற இடத்தில் எனக்கு அக்கா முகம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் காணிக்கைப் பை வந்தது. 20 வெள்ளி (ரிங்கிட்) வைத்த கவர் என் கையில் வியர்த்து நனைந்திருந்தது. போட முடியாமல் பையைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டேன். போனில் மன்னிப்புக் கேட்டால் போதுமா? நேரில் போனால் கதவைச் சாத்திவிடுவாளோ?

பாகான் அஜாம் அண்ணன்:
நேரில் போங்கள், தங்கச்சி. இயேசு அதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நடந்தால் மூன்று நாள் வழி. காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒப்புரவாகி, மறுபடியும் அவ்வளவு தூரம் வரச் சொல்கிறார். உங்களுக்கு நடுவில் இருப்பது கால் மணி நேர ஃபெர்ரி.

பிரிக்பீல்ட்ஸ் அம்மா:
போகத்தான் வேண்டும். ஆனால் திடீரென்று போய் நிற்காதேம்மா. அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன யாக்கோபுகூட, திரும்பி வரும்போது அவனிடம் முதலில் ஆள் அனுப்பினான். ஏசா 400 பேரோடு வருகிறான் என்று கேட்டு நடுங்கினான், ஆனாலும் திரும்பி ஓடவில்லை. 7 தரம் தரைமட்டும் குனிந்துகொண்டே போனான்.

அப்புறம் ஒன்று. போனதும் சீட்டை நீட்டாதே. "சீட்டு கிடைக்காதிருந்தால் வந்திருக்கமாட்டாய்" என்றுதான் அவளுக்குத் தோன்றும். முதலில் நீ சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேள். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும், அதையும் யோசி.

பினாங்கு மகள்:
அம்மா, சீட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. அது கிடைத்த பிறகும் ஒரு மாதம் சும்மாதானே இருந்தேன்.

நேற்று ராத்திரி, "அக்கா, சனிக்கிழமை வரட்டுமா?" என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. காலையில் அத்தான் மட்டும், "அஞ்சு மணிக்கு வேலை முடிந்து வருவாள்" என்று எழுதியிருந்தார். போகிறேன். சித்தப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் அப்படிக் கேட்டபோது அக்கா பக்கத்தில் நின்றவர் அவர்தான்.